பாங்கு கேட்டால் மூடிவைக்கக்கூடிய விளையாட்டு



சில மாதங்களுக்கு முன் ஓர் இரவு, இஷாத் தொழுகையை முடித்து வீட்டுக்கு வந்திருந்த நேரத்தில், கட்டாரில் தொழில் புரியும் என் மருமகன் தொலைபேசியில் அழைத்தார். சுகம் விசாரித்த பின் சற்றுத் தயங்கி, "மாமா, மகனுக்கு ஒரு கேம் செட் வாங்கி அனுப்பலாமா? என்ன கேம் வாங்கினா நல்லம்?" என்று கேட்டார். மகனுக்கு ஏழு வயது. தந்தையும் மகனும் ஒரே கூரையின் கீழ் இருந்த நாட்களைக் கூட்டிப் பார்த்தால் ஓராண்டு தேறாது.

வேறு யாரேனும் கேட்டிருந்தால் உடனே விடை சொல்லியிருப்பேன். இவர் கேட்டபோது என்னால் முடியவில்லை. 2006ஆம் ஆண்டில் இதே மருமகன் பன்னிரண்டு வயதுச் சிறுவனாக இருந்தபோது, அவருடைய விளையாட்டுக் கருவியைப் பறித்து அலுமாரியில் பூட்டிவைத்தவன் நான்தான்.

நடந்தது இது. அவருடைய வாப்பா அப்போது சவூதியில் இருந்தார். விடுமுறையில் ஊருக்கு வந்த ஒரு நண்பரின் கையில் 'பீ.எஸ்.பீ.' என்று பிள்ளைகள் அழைக்கும் பிளேஸ்டேஷன் போர்ட்டபிள் ஒன்றைக் கொடுத்தனுப்பியிருந்தார். அக்கருவி ஜப்பானில் வெளியானது 2004 டிசம்பர் 12ஆம் திகதி. சரியாக இரண்டு வாரங்களின் பின்னர் நம் கரைக்குக் கடல் வந்தது. அதன் பிறகு நெடுநாள் வரைக்கும் நம் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பொருள் என்ற நினைப்பே இருக்கவில்லை. ஆகவே அந்தக் கருவி நிந்தவூரில் ஒரு வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அது பெரும் அதிசயமாக இருந்தது. அடுத்த தவணைப் பரீட்சையில் மருமகனின் புள்ளிகள் குறைந்தன. என் தங்கை அழுதுகொண்டு வந்தார். நான் எழுந்து போனேன், எதுவும் கேட்கவில்லை, கருவியை எடுத்துப் பூட்டிவிட்டேன். ஒரு நன்மை செய்துவிட்ட நிறைவோடு வீடு திரும்பினேன்.

மூன்று வாரங்கள் சென்றன. பையன் அஸருக்குப் பின் வீட்டில் இருப்பதில்லை என்று தங்கை சொன்னார். தேடிச் சென்றபோது, தன்னைவிட நான்கைந்து வயது மூத்த பையன்கள் கூடியிருந்த ஒரு வீட்டில் அவரைக் கண்டேன். அங்கே திரையில் ஓடிக்கொண்டிருந்தது வாகனம் கடத்துவதும் வழியில் போவோரைச் சுட்டு வீழ்த்துவதுமான ஆட்டம்; பதினெட்டு வயதுக்கு மேற்பட்டோருக்கென்று பெட்டியிலேயே அச்சிடப்பட்டிருந்த ஆட்டம். நான் பூட்டிவைத்த கருவியில் என்ன இருந்தது என்று அன்றுதான் கேட்டேன். ஒரு காற்பந்து ஆட்டமும், நிறக் கட்டங்களைப் பொருத்தும் 'லூமினஸ்' என்ற புதிர் ஆட்டமும் மட்டுமே அதில் இருந்தன.

"மாமா, நீங்க என்ன கேம் எண்டு கூடக் கேக்கல்ல. அது வாப்பா அனுப்பின" என்றார் அந்தப் பிள்ளை.

நேயர்களே, அந்தச் சொல்லுக்கு இன்றுவரை என்னிடம் மறுமொழி இல்லை. பெட்டரி போட்ட ஒரு பெட்டியைப் பூட்டியதாக நான் நினைத்திருந்தேன். பிள்ளை வேறொன்றை நினைத்திருந்தார். அன்று மாலையே அலுமாரியைத் திறந்து, அவர் பக்கத்தில் அமர்ந்து, "எனக்கும் சொல்லித் தா" என்றேன். அன்று தொடங்கி இவ்விடயத்தைப் பற்றி வாசித்தும் கேட்டும் பார்த்தும் அறிந்ததில் பெற்றாருக்கும் இளைஞருக்கும் பயன்படக்கூடியதையே இன்று பேச விரும்புகிறேன்.

இக்கருவிகளின் பிறப்பைச் சிறிது அறிந்துகொள்வது நல்லது. ஜப்பானின் கியோட்டோ நகரில் 1889ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட நின்டென்டோ நிறுவனம் முதலில் செய்து விற்றது சீட்டுக் கட்டுகளை. அவற்றைச் சூதாடிகள் பெரிதும் வாங்கினர். அதே நிறுவனத்தில் பிற்காலத்தில் பணிபுரிந்த குன்பே யோகோய் என்ற பொறியியலாளர், ரயிலில் அலுப்போடு கணிப்பானின் பொத்தான்களை அழுத்திப் பொழுதுபோக்கிய ஒரு பயணியைக் கண்டு, கையில் அடங்கும் விளையாட்டுக் கருவியைச் செய்யும் எண்ணம் கொண்டார் என்று சொல்லப்படுகிறது. 1980இல் அவருடைய முதற் கருவி வந்தது. 1989இல் கேம் போய் வந்தது. அதனோடு சேர்ந்து உலகைச் சுற்றியது, மொஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் என்ற கணினி ஆய்வாளர் உருவாக்கிய டெட்ரிஸ். கேம் போயும் அதன் வர்ண வடிவமும் சேர்ந்து 11 கோடியே 80 இலட்சத்துக்கும் மேல் விற்றன.

நமதூருக்கு கேம் போய் வந்ததோ இல்லையோ, அதன் ஏழைத் தம்பி வந்தான். தொண்ணூறுகளில் வளர்ந்தவர்களுக்கு 'பிரிக் கேம்' நினைவிருக்கும். பெட்டியின் மேல் 9999 விளையாட்டுகள் என்று அச்சிட்டிருப்பார்கள். உள்ளே இருந்தவை சில ஆட்டங்கள்தாம். வேகத்தையும் படிநிலையையும் மாற்றி மாற்றி எண்ணியதில் வந்த கணக்கு அது. இன்று கடைகளில் தொங்கும் '400 விளையாட்டுகள்' கொண்ட மலிவான கருவிகளும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. அவற்றில் பெரும்பாலானவை 1980களின் பழைய ஆட்டங்களை அனுமதியின்றிப் பிரதிசெய்தவை. நம் நாட்டில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. சட்டம் இருக்கட்டும், பிறருடைய உழைப்பை விலை கொடாமல் எடுப்பது எத்தகையது என்பதைப் பிள்ளை முதன்முதலில் கற்பது இந்த இடத்திலாகவும் இருக்கலாம். நானூறு ஆட்டங்கள் வைத்திருக்கும் பிள்ளை ஒன்றையும் முழுமையாக விளையாடுவதில்லை என்பதையும் பார்த்திருக்கிறேன். நல்ல ஆட்டம் ஒன்றோ இரண்டோ போதும்.

எது நல்ல ஆட்டம்? 'விளையாட்டு முழுவதும் வீண்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவோர் நம்மிடையே உண்டு. பெருநாள் தினத்தில் அபிசீனியர் ஈட்டிகளைக் கொண்டு பள்ளிவாசலில் விளையாடியதை ஆயிஷா (ரலி) அவர்கள் பார்ப்பதற்கு இடமளித்தவர்கள் நபி (ஸல்) அவர்கள். ஆயிஷா (ரலி) அவர்கள் சிறு வயதில் பொம்மைகளோடு விளையாடியதையும் அவர்கள் தடுக்கவில்லை. ஆகவே பிள்ளைக்கு விளையாட்டு வேண்டுமா என்பது கேள்வியல்ல. எந்த விளையாட்டு என்பதற்கோ, நம் முன்னோர் கேம் போய் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வழி காட்டியிருக்கிறார்கள்.

சதுரங்கத்தைப் பற்றிய அவர்களுடைய உரையாடலைக் குறிப்பிடுகிறேன். அப்பாஸியர் காலத்தில் பக்தாதில் சதுரங்கம் பெரிதும் பரவியிருந்தது. அல்-அத்லீ, அஸ்-ஸூலீ போன்றோர் அதில் பெயர் பெற்ற ஆட்டக்காரர்கள். அறிஞர்களிடையே அது பற்றிக் கருத்து வேறுபாடு எழுந்தது. பகடை உருட்டும் ஆட்டத்தைப் பெரும்பாலானோர் ஹராம் என்றனர். சதுரங்கத்தைச் சிலர் அவ்வாறே கண்டனர். நம் ஊரவர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபிலோ, இமாம் நவவி (ரஹ்) அவர்கள் எழுதியிருப்பது போல, அது மக்ரூஹ், ஹராம் அல்ல. பகடையில் விழுவது தற்செயல். சதுரங்கத்தில் நகர்வது சிந்தனை. இந்த வேறுபாட்டை அவர்கள் கவனித்தார்கள். அத்தோடு நிறுத்தவில்லை. அதே சதுரங்கம் பணயம் வைத்து ஆடப்பட்டால், அல்லது அதனால் தொழுகை நேரம் தவறினால், அல்லது அது நாவைக் கெட்ட பேச்சுக்கு இழுத்தால், தடுக்கப்பட்டதாகிவிடும் என்றார்கள். பணம், நேரம், நாவு. என் மருமகனின் கேள்விக்கு விடை தேடியபோது இந்த மூன்றையுமே கையில் எடுத்துக்கொண்டேன்.

பணத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது. பெற்றாரில் பலர் அறியாதது இதுவே. கடையில் விலை கொடுத்து ஆட்டத்தை வாங்கினால் செலவு முடிந்தது என்று நினைக்கிறோம். இன்றைய ஆட்டங்கள் பலவற்றில் செலவு அங்கேதான் தொடங்குகிறது. இலவசம் என்று வரும் ஆட்டத்தில் இது இன்னும் அதிகம். திரையில் மூடிய பெட்டி ஒன்று தோன்றும். உண்மைப் பணம் கொடுத்து அதைத் திறக்க வேண்டும். உள்ளே சிறந்த வீரர் இருக்கலாம், ஒன்றுக்கும் உதவாததும் இருக்கலாம். திறக்கும் வரை தெரியாது. அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களை வைத்துச் செய்த சோதனைகள் புகழ்பெற்றவை. கொத்தும் ஒவ்வொரு தடவையும் தானியம் கிடைக்கும் புறா, பசி தீர்ந்ததும் ஓய்ந்துவிடும். எப்போது கிடைக்கும் என்று தெரியாத புறாவோ கொத்திக்கொண்டே இருக்கும். சூதாட்டக் கருவிகள் இயங்குவது இந்த இயல்பின் மீதே. அந்த மூடிய பெட்டியும் அப்படித்தான்.

இது மௌலவிமாரின் மிகைப்பேச்சு என்று எந்த இளைஞரும் எண்ண வேண்டியதில்லை. 2018ஆம் ஆண்டு பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணைக்குழு இப்பெட்டிகளை ஆராய்ந்து, இவை அந்நாட்டின் சூதாட்டச் சட்டத்துக்கு உட்படுபவை என்று முடிவு செய்தது. அதில் அகப்பட்ட ஆட்டங்களுள் ஒன்று நம் பையன்கள் விரும்பி ஆடும் ஃபிஃபா காற்பந்து. 2019 ஜனவரியில் அதன் நிறுவனம் பெல்ஜியத்தில் அவ்விற்பனையை நிறுத்தியது. இன்று அந்த ஆட்டம் வேறு பெயரில் வருகிறது. காற்பந்து ஆடுவதில் குறையில்லை. என் மருமகன் 2006இல் ஆடியதும் காற்பந்துதான், அதில் அப்பெட்டி இருக்கவில்லை. ஒரே ஆட்டம், இடையில் ஒரு சூதுப் பெட்டியைச் சுமந்துகொண்டு வந்துவிட்டது. ஆகவே வாங்கும் ஆட்டத்தின் பெயரை மட்டும் கேட்டால் போதாது. 'இதற்குள் காசு கேட்குமா?' என்றும் கேட்க வேண்டும்.

நேரத்தின் சங்கதி வேறு வகையானது. நிந்தவூர் கபடிக்குப் பெயர் பெற்ற ஊர். தேசிய அணிக்கு வீரர்களைத் தந்த ஊர். கபடியில் எதிர்ப்பக்கம் பாடிச் செல்பவருக்கு உரிய நேரம் முப்பது வினாடி. ஒரு பாதி இருபது நிமிடம். பிறகு நடுவர் ஊதிவிடுவார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கையில் இருக்கும் சில ஆட்டங்களிலும் அத்தகைய நடுவர் உண்டு. புதிர் ஒன்று அவிழ்ந்தால் முடிவு. காற்பந்தில் பாதிக்கு ஐந்து நிமிடம் என்று நாமே வைத்துக்கொள்ளலாம். டெட்ரிஸ் சில நிமிடங்களில் ஆடுபவரைத் தோற்கடித்துவிடும். 2004இல் வந்த நின்டென்டோ டீ.எஸ். கருவியைப் புத்தகம்போல் மடித்தால் போதும், ஆட்டம் அந்த இடத்திலேயே உறங்கும். பள்ளிக்குப் போய்வந்து திறந்தால் அதே இடத்தில் எழும்.

இன்னொரு வகை ஆட்டங்களில் அந்த நடுவரை வேண்டுமென்றே வெளியேற்றியிருக்கிறார்கள். இணையத்தில் பலரோடு சேர்ந்து ஆடுபவை அவற்றுள் முக்கியமானவை. அங்கே இடைநிறுத்தும் பொத்தான் இல்லை. மக்ரிப் பாங்கு சொல்லும்போது உம்மா "வை மகன்" என்கிறார். பிள்ளை "இப்ப ஏலா உம்மா" என்கிறான். இதைப் பிள்ளையின் அடங்காமை என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. அவன் இடையில் எழுந்தால் அவனுடைய அணி தோற்கும். நண்பர்கள் மறுநாள் பாடசாலையில் ஏசுவார்கள். அந்தச் சிக்கலில் அவனை மாட்டியது ஆட்டத்தின் அமைப்பு. சில ஆட்டங்கள் இதையும் தாண்டி, 'இன்று வராவிட்டால் பரிசு போய்விடும்' என்று நாள்தோறும் கூப்பிடும். தன்னை நாடிப் பிள்ளை வர வேண்டும் என்று ஐந்து வேளைக்கு மேல் அழைக்கும் ஒன்றைப் பற்றிப் பெற்றார் கவனமாக இருக்கத்தான் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த தன் நோய்ப் பட்டியலில் விளையாட்டுக் கோளாறு என்பதைச் சேர்த்திருக்கிறது. கட்டுப்பாட்டை இழப்பதும், ஏனைய கடமைகளை விட ஆட்டம் முந்துவதும், கேடு தெரிந்த பின்னும் தொடர்வதும், பொதுவாக ஓராண்டளவு நீடித்தால்தான் வைத்தியர்கள் அப்பெயரைச் சொல்வார்கள். ஒரு விடுமுறை நாளில் மூன்று மணித்தியாலம் ஆடிய பிள்ளைக்கு நாம் அந்தப் பெயரைச் சூட்டிவிடக் கூடாது.

பெற்றாருக்கு நான் சொல்லும் நடைமுறை இது: "உடனே நிறுத்து" என்று கத்துவதற்கு முன், ஆட்டம் தொடங்கும் வேளையில், "ஒரு ஆட்டம் எத்தனை நிமிடம்?" என்று கேளுங்கள். இருபது நிமிடம் என்றால், பாங்குக்கு இருபது நிமிடத்துக்குக் குறைவாக இருக்கையில் புதிய ஆட்டம் தொடங்குவதில்லை என்று உடன்பட்டுக்கொள்ளுங்கள். எத்தனை நிமிடம் என்று பிள்ளையாலேயே சொல்ல முடியாத ஆட்டமானால், அதை வாங்க வேண்டாம்.

நாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். முன்பின் தெரியாதவர்களோடு பேசிக்கொண்டே ஆடும் ஆட்டங்களில் பிள்ளை கேட்கும் வார்த்தைகளை ஒருமுறை நீங்கள் காதுக் கருவியை மாட்டிக் கேட்டுப் பாருங்கள். அதன்பின் நான் பேச வேண்டியதில்லை.

பெட்டியின் மேலுள்ள குறிகளையும் வாசிக்கப் பழக வேண்டும். ஐரோப்பாவில் 2003 முதல் பெகி என்ற அமைப்பு 3, 7, 12, 16, 18 என வயதைப் பெரிய எழுத்தில் அச்சிடச் செய்கிறது. பின்பக்கத்தில் சிறு படங்களும் இருக்கும்: முஷ்டி என்றால் வன்முறை, பகடைக்காய் என்றால் சூதாட்டம், சிலந்தி என்றால் அச்சம். உள்ளே பணம் கேட்கும் என்பதற்கும் 2018 முதல் தனிக் குறி உண்டு. 2006இல் அந்த வீட்டில் நான் கண்ட ஆட்டத்தின் பெட்டியில் 18 என்ற எண் இருந்தது. அதை யாரும் மறைக்கவில்லை. வாசிக்கத்தான் எவரும் இருக்கவில்லை.

'அறிவை வளர்க்கும்' என்று அச்சிட்டிருப்பதை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள். 2005இல் ஜப்பானில் வெளியான மூளைப் பயிற்சி ஆட்டம் ஒன்று உலகெங்கும் பெரிதாக விற்றது. அத்தகைய பயிற்சிகளைப் பற்றி 2010இல் நேச்சர் சஞ்சிகையில் ஓர் ஆய்வு வெளியானது. 11,430 பேர் ஆறு வாரம் பயிற்சி செய்தார்கள். எந்தப் பயிற்சியைச் செய்தார்களோ அதில் தேர்ச்சி பெற்றார்கள். பொதுவான அறிவாற்றலில் மேம்பாடு காணப்படவில்லை. கணக்கு விளையாட்டு வாங்கிக் கொடுத்துவிட்டோம், இனிப் பிள்ளை கணக்கில் கெட்டிக்காரன் என்று எண்ணும் வாப்பாமாருக்காக இதைச் சொல்கிறேன்.

மறுபுறம், விசாரியாமல் பழி சொல்வதும் நமக்குப் பழக்கமாகிவிட்டது. 2001ஆம் ஆண்டு சவூதி அரேபியாவில் போக்கிமோன் தடைசெய்யப்பட்டபோது, அதன் பாத்திரப் பெயர்களுக்கு மார்க்கத்துக்கு எதிரான இரகசியப் பொருள் உண்டென்ற பேச்சு அங்கிருந்து நம் ஊர் வரைக்கும் வந்தது. நானும் அதை ஒரு கூட்டத்தில் சொல்லியிருக்கிறேன். அல்லாஹ் மன்னிக்க வேண்டும். பிக்காச்சு என்பது மின்பொறியின் ஒலியையும் எலியின் கீச்சொலியையும் சேர்த்து ஜப்பானியர் இட்ட பெயர், அவ்வளவே. அதன் ஆசிரியர் சத்தோஷி தஜிரி, சிறு வயதில் வயல்வெளியில் பூச்சி பிடித்துத் திரிந்த நினைவில் அந்த ஆட்டத்தை அமைத்தார். வாய்க்காலில் மீன் பிடித்த நம் பையன்களுக்கு அந்த மகிழ்ச்சி தெரியாததா? அதே தடையின்போது சொல்லப்பட்ட மற்றொரு காரணம், சீட்டுகளை வைத்துப் பிள்ளைகள் சூதாடுகிறார்கள் என்பது. அது சிந்திக்க வேண்டிய காரணம். பொய்யான காரணத்தைப் பிடித்துக்கொண்டு நாம் அதைத் தவறவிட்டோம்.

மருமகனுக்கு நான் சொன்ன விடைக்கு வருகிறேன். ஆட்டம் ஒன்றே ஒன்று வாங்குங்கள் என்றேன். கட்டங்களை அடுக்கி வீடும் பாலமும் கட்டும் மைன்கிராஃப்ட் ஏழு வயதுப் பிள்ளைக்குப் பொருந்தும், இணையத்தோடு இணைக்காமல், சண்டையில்லாமல் கட்டுவதற்கு மட்டுமான முறையில் வைத்துக் கொடுங்கள் என்றேன். அது முடிவில்லாத ஆட்டந்தான், மணிக்கணக்காக விழுங்கக்கூடியதுதான். ஆனால் எவரும் அங்கே காத்திருப்பதில்லை. விட்ட இடத்தில் வீடு அப்படியே நிற்கும். அவர் வாங்கிய கருவி நின்டென்டோ சுவிட்ச். நாளொன்றுக்கு எத்தனை நிமிடம் என்பதைப் பெற்றார் தம் கைத்தொலைபேசியிலிருந்தே வரையறுக்கும் வசதி அதற்கு உண்டு. தோஹாவில் இருந்துகொண்டு அவர் நாற்பது நிமிடம் வைத்திருக்கிறார். கருவி முன்மண்டபத்தில் இருக்கும், அறைக்குள் போகாது என்பது என் தங்கையின் கட்டளை. இப்போது அவர் பாட்டி, முன்னைவிடக் கண்டிப்பு.

சென்ற வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். நமக்கு நாலரை மணி. தோஹாவில் இரண்டு மணி, ஜும்ஆ முடிந்து அறைக்கு வந்திருந்தார் மருமகன். பையன் கருவியின் திரையைத் தொலைபேசியின் முன் பிடித்துத் தான் கட்டிய வீட்டைக் காட்டிக்கொண்டிருந்தான். அது அவர்களுடைய நிந்தவூர் வீடு. வாசல் சரி, மதில் சரி, முருங்கை மரம்கூட ஒரு மாதிரியாக இருந்தது.

"கிணறு அங்கல்ல மகன், வளவுக்குப் பின்பக்கம்" என்றார் தோஹாவிலிருந்து.

பையன் எழுந்து பின்வாசலுக்கு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தான். பிறகு கிணற்றை உடைக்கத் தொடங்கினான்.